ஒண்ணுமில்லைக்கு ஒரு ஒண்ணு

டெல்லி துவாரகாவில் மூன்று வீட்டில் கோமளா வைக்கும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறார்கள். அதில் ஒரு வீட்டு அம்மா, ஊரிலிருந்து மாமியார் வந்திருந்த சமயம், ரசம் தானே வைத்தது என்று சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டார். கோமளா அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்படிக் கைமணம். அவளைக் கட்டிய ஜம்பு மட்டும் அந்த ரசத்தைப் பல வருஷம் தொடவில்லை. அதில் விஷம் இருக்கிறது என்பார்.

கோமளா எனக்குச் சின்னம்மா மகள். என் அம்மா மூத்தவர், அவள் அம்மா கடைசி. நடுவில் பிறந்த மாமாதான் சின்னசேலத்திலிருந்து முதன்முதலில் டெல்லிக்கு ரயில் ஏறியவர். அவர் வந்து கால் ஊன்றியபின் எங்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டார். ஜம்புலிங்கம் அந்த மாமாவின் மச்சினன் மகன். ஆட்டோ ஓட்டினார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட ஆட்டோவில்தான் வந்தார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பெண்ணைப் பார்க்காமல் வண்டியையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். கோமளா உள்ளே இருந்து, “அக்கா, அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு போல” என்றாள்.

நல்ல மனிதர். கலகலப்பானவர். சவாரி ஏறுகிறவர்களோடு இந்தியில் பேசுவார், பஞ்சாபியில் பேசுவார், மலைமந்திர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று தெரிந்தால் தமிழில் தொடங்கிவிடுவார். பேச்சில் பிழைத்த அந்த மனிதருக்குப் பேச்சிலேயே நோய் வந்தது. பின்சீட்டில் இருக்கிறவர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஆரம்பித்தது. பிறகு ஸ்டாண்டில் இருக்கிறவர்கள். பிறகு யாருமில்லாத இடத்திலும் பேச்சுக் கேட்டது. வண்டியை விற்க வேண்டியதாயிற்று. கடைசியாகச் சாப்பாட்டுக்கு வந்து நின்றது. முட்டையைத் தானே அவித்து, தானே ஓடு உரித்துச் சாப்பிடுவார். வாழைப்பழம் சாப்பிடுவார். தோலுக்குள் யாரும் எதையும் கலக்க முடியாது என்பது அவர் கணக்கு. துவாரகாவுக்குப் பக்கத்தில் பாலம் என்கிற பேட்டையில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் அடுப்பு ஒரு மூலையில், அவர் இன்னொரு மூலையில். அவள் தாளிக்கும்போது மூக்கைத் துண்டால் மூடிக்கொள்வார்.

“ஊரு பேரு தெரியாதவன்லாம் என் கையால வாங்கித் துன்றான். கட்டுனவரு கண்ணுக்கு நான் விஷம் வைக்கிறவளாக்கா?” என்று அவள் ஒருநாள் கேட்டாள். அது நோய் பேசுகிறது என்று எல்லாரும் சொன்னோம். அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, தட்டைத் தள்ளுவது அவர் கைதானே.

இரண்டு மூன்று இடத்தில் மாத்திரை வாங்கிப் பார்த்தார்கள். ஒன்றில் நாள் முழுக்கத் தூங்கினார், ஒன்றில் கை நடுங்கியது. பேச்சு மட்டும் ஓயவில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு பெரிய மனநல ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே பெரிய டாக்டர் வடக்கத்திக்காரர், நரைத்த மீசை, அதட்டாமல் பேசுவார். அவர் ஒரு மாத்திரை சொன்னார். மற்ற எதற்கும் அடங்காத நோய்க்குக் கொடுப்பது. ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுவைக் குறைத்துவிடக்கூடும், அதனால் வாராவாரம் ஊசி குத்தி ரத்தம் பார்க்க வேண்டும். அந்த அபாயத்துக்கு ஏற்ற பலன் தெரிய வேண்டும், நோய் பாதியாவது குறைய வேண்டும், இல்லையென்றால் மாத்திரையை நிறுத்திவிடுவோம் என்று முதல்நாளே சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு.

நோய் எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அளப்பது? அதற்குத்தான் இளவரசி இருந்தாள். மனநோய் சம்பந்தப்பட்ட படிப்பு படித்தவள், டாக்டருக்குக் கீழே வேலை. அப்பா டெல்லி ஆர்.கே.புரம் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸில் இருந்த குமாஸ்தா, இவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேயே. பெயர் சுத்தத் தமிழ், பேச்சு பாதிக்குப் பாதி இந்தி. தமிழில் எழுதியிருப்பதைப் படிக்க வராது. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, “ஆன்ட்டி, நான் தமிழ்ல கேக்குறேன், தப்பா இருந்தா ஹஸ்னா மத், சிரிக்கக்கூடாது” என்றாள்.

முதல்நாள் நானும் கூடப் போயிருந்தேன். இளவரசி முன்னால் ஒரு தாள். அதில் முப்பது விஷயம். குரல் கேட்கிறதா, யார்மேலாவது சந்தேகமா, பதற்றமா, ஆளோடு ஒட்டாமல் ஒதுங்குகிறாரா என்று இப்படி. அவரிடமும் கேட்பாள், கோமளாவிடமும் கேட்பாள், பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணை வட்டம் போடுவாள். ஏழு என்றால் மிக மோசம்.

“அங்கிள், யாரும் இல்லாதப்போ யாராச்சும் பேசுற மாதிரி கேக்குதா?”

“கேக்குது. பின்சீட்டுலேருந்து.”

“ஆனா ஆட்டோவ வித்துட்டீங்களே அங்கிள்.”

“சீட்டு போவலையே” என்றார் ஜம்பு.

இளவரசி சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, “அச்சா. அது கஷ்டமா இருக்கும்ல” என்று கேட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கு மொத்தம் கூட்டியதில் தொண்ணூறு வந்தது.

மாத்திரை தொடங்கியது. வாராவாரம் ரத்தம். கோமளா காலையில் இரண்டு வீட்டுச் சமையலை முடித்துவிட்டு, மூன்றாவது வீட்டில் கெஞ்சி நேரம் வாங்கி, மெட்ரோவில் அவரைக் கூட்டிப் போவாள். ஆஸ்பத்திரியில் ஊசியைக் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தூக்கம்தான் வந்தது. பிறகு மூக்கில் துண்டு கட்டுவதை விட்டார். பிறகு ஒருநாள் பக்கத்து அறைக்காரரிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார்.

அப்புறம் அந்த மத்தியானம். வேலை முடித்து வந்த கோமளா, தனக்கு ஒரு தட்டில் ரசஞ்சோறு பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் மூலையிலிருந்து எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். அவளையே பார்த்தார். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். அவர் கையை நீட்டி, அவள் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். விழுங்கினார். இன்னொரு கவளம் எடுத்தார்.

அவள் அசையவில்லையாம். அசைந்தால் அவர் எழுந்து போய்விடுவாரோ என்று பயம். தட்டு காலியானதும் எனக்குப் போன் பண்ணினாள்.

“அக்கா, துன்னாருக்கா.”

“என்னாடி சொல்ற?”

“என் தட்டுலேருந்து. ரசஞ்சோறு.” சொன்னதையே இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கொஞ்ச நாளில் பலன் பார்க்கும் நாள் வந்தது. அன்றைக்கும் கூடப் போனேன். இளவரசி மறுபடி அந்த முப்பதையும் கேட்டாள். இந்த முறை கோமளாவுக்கு வாயெல்லாம் பல்.

“ஆன்ட்டி, அங்கிள் யாரையாச்சும் அடிக்கப் போறாரா, கோபம்?”

“ஒண்ணுமில்லம்மா.”

“தான் பெரிய ராஜா, பெரிய ஆளு, அப்டி ஏதாச்சும் சொல்றாரா?”

“ஒண்ணுமில்ல. ராஜாவா இருந்தா நான் ஏன் மூணு வூட்டுல சமைக்கிறேன்.”

கேட்டுக்கொண்டே இளவரசி வட்டம் போட்டாள். கோமளா அதை எட்டிப் பார்த்தாள். எண் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“ஏம்மா, ஒண்ணுமில்லன்னு சொல்றேன், நீ ஒண்ணு போடுற?”

“இதுல அப்டித்தான் ஆன்ட்டி. சைபர் கிடையாது. ஒண்ணுலேருந்துதான் ஆரம்பம். ஒண்ணுன்னா ஒண்ணுமில்லன்னு மத்லப், அர்த்தம்.”

“நல்ல தாளு. ஒண்ணுமில்லைக்கும் ஒரு ஒண்ணு” என்றாள் கோமளா. மூன்று பேரும் சிரித்தோம். ஜம்புவும் லேசாகச் சிரித்தார்.

கூட்டியபோது ஐம்பத்தெட்டு வந்தது. இளவரசி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். சற்று நேரத்தில் பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். அவர் திரையைப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். தொண்ணூறு ஐம்பத்தெட்டு ஆகியிருக்கிறது, முன்னேற்றம்தான், ஆனால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் குறைந்திருக்கிறது. பாதி என்றால் நாற்பத்தைந்துக்காவது வந்திருக்க வேண்டும். ரத்தத்துக்கு இவ்வளவு அபாயமான மாத்திரையை இந்தப் பலனுக்குத் தொடர்வது சரியில்லை. அடுத்த வாரத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டு வேறு பார்க்கலாம்.

கோமளாவுக்கு இந்தி நன்றாகத் தெரியும். ஆனாலும் இளவரசி பக்கம் திரும்பி, “என்னாம்மா சொல்றாரு?” என்று தமிழில் கேட்டாள். தமிழில் கேட்டால் வேறு மாதிரி இருக்குமோ என்று நினைத்தாள் போலிருக்கிறது. இளவரசி தலையைக் குனிந்துகொண்டு அதையே தமிழில் சொன்னாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜம்பு கொஞ்சம் தள்ளி, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளவரசியும் பின்னாலேயே வந்து கோமளா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சாரி ஆன்ட்டி. அங்கிள் நல்லா ஆயிட்டாருன்னு எனக்கும் தெரியுது. ஆனா நம்பர் வரல.”

“அவரு என் தட்டுலேருந்து எடுத்துத் துன்னாரே, அது எங்க இருக்கு அந்தத் தாளுல?”

“சந்தேகம்னு ஒரு வரி இருக்கு ஆன்ட்டி. அதுல குறைஞ்சிருக்கு. ஆறு இருந்துச்சு, ரெண்டு ஆயிருக்கு.”

“ஒரு வரிதானா?”

“முப்பதுல ஒண்ணு.”

“எனக்கு அந்த ஒண்ணுதாம்மா முப்பதும்” என்றாள் கோமளா.

இளவரசி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கோமளா அழுகிறவள் இல்லை. வருத்தம் வந்தால் சண்டைக்குப் போகிறவள். சின்னம்மாவும் அப்படித்தான். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சரி, அந்தக் கேள்வியெல்லாம் என்னைய கேளு.”

“ஆன்ட்டி, அது பேஷண்டுக்கு...”

“கேளும்மா. நான் எவ்வளோ வாங்குறேன்னு பாப்போம். அவரை நாப்பத்தஞ்சு வாங்கச் சொல்றீங்க இல்ல, நான் எத்தினி வாங்குறேன்?”

அவள் மனசு ஆறட்டும் என்றுதான் இளவரசி கேட்க ஆரம்பித்தாள். குரல் கேட்கிறதா என்றாள். “கேக்குது, மூணு வூட்டு அம்மாவும் ஒரே நேரத்துல கூப்புடுவாங்க” என்றாள் இவள். இளவரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு என்று விரல் விட்டுக்கொண்டே போனாள். கவலை இருக்கிறதா என்ற இடத்தில் கோமளா ஜம்பு பக்கம் திரும்பிப் பார்த்தாள். இளவரசி அதற்கு மூன்று கொடுத்தாள். பதற்றத்துக்கும் மூன்று. முடிவில் முப்பத்துநாலு.

“என்னாது? எனக்கு முப்பத்துநாலா?” கோமளாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “காலையிலேருந்து மூணு வூட்டு அடுப்புல நிக்கிறேன், எனக்கு முப்பத்துநாலு நோயா? கவலை ஒண்ணு இருக்கு, ஒத்துக்கிறேன். மிச்சம் எங்கேருந்து வந்துச்சு?”

“நோய் இல்ல ஆன்ட்டி. ஒண்ணுமில்லைக்கு ஒண்ணு ஒண்ணு போட்டு, அதுவே முப்பது ஆயிடும். யாருக்கும் முப்பதுக்குக் கீழ வரவே வராது. அது...”

இளவரசி பேச்சை நிறுத்தினாள். வாய் அப்படியே திறந்தபடி இருந்தது. கண் எங்கேயோ சுவரைப் பார்த்தது.

“என்னாம்மா?”

“ஏக் மினிட் ஆன்ட்டி” என்று எழுந்தாள். “போயிடாதீங்க. ப்ளீஸ், இங்கேயே இருங்க.” பெரிய டாக்டர் அறைப் பக்கம் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனாள். அவளுடைய துப்பட்டா பெஞ்சிலேயே கிடந்தது.

கோமளா என்னைப் பார்த்தாள். “நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனாக்கா?” என்றாள். எனக்கும் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ என்றுதான் நானும் நினைத்தேன். துப்பட்டாவை எடுத்து மடித்து வைத்தேன்.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். இளவரசி மூச்சு வாங்க நின்றாள்.

“ஆன்ட்டி, நான் சொல்றேன். அந்த முப்பது இருக்குல்ல, அது நோய் இல்ல, அது... கியா போல்தே, எப்டி சொல்றது... அது சும்மா வர்றது. அதைக் கழிக்கணும். கழிச்சிட்டுத்தான் பாதியான்னு பாக்கணும். நம்ம கம்ப்யூட்டர் கழிக்கல. மத்லப், அதோட சேத்துப் பாதி கேட்டுச்சு.” அவளுக்குத் தமிழ் முட்டியது. கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

அப்போது ஓரத்து நாற்காலியிலிருந்து ஜம்பு பேசினார்.

“மீட்டரு” என்றார்.

எல்லாரும் திரும்பினோம்.

“ஆட்டோல ஏறி உக்காந்ததும் மீட்டர்ல முப்பது வுழும். வண்டி நகந்தே இருக்காது. முப்பது நிக்கும். அதைப் போய் ஓடுன தூரம்னா எப்படி?”

இளவரசி கைதட்டிவிட்டாள். “அதேதான் அங்கிள்!” பெரிய டாக்டர் என்னவென்று கேட்டார். அவள் இந்தியில் சொன்னாள். அவர் ஜம்புவைப் பார்த்து முதல்தடவையாகப் பல் தெரியச் சிரித்தார்.

பிறகு கணக்கை அவரே ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். தொண்ணூறில் முப்பது போனால் அறுபது, அதுதான் வரும்போது இருந்த நோய். ஐம்பத்தெட்டில் முப்பது போனால் இருபத்தெட்டு, அதுதான் இப்போது மிச்சம். அறுபதுக்குப் பாதி முப்பது. இவர் அதையும் தாண்டி இறங்கிவிட்டார். மாத்திரை பலித்திருக்கிறது. தொடரலாம்.

அந்த டாக்டரை நான் மறக்க முடியாது. தப்பு யாருடையது என்று அவர் தேடவில்லை. “இது நானே வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். என் கம்ப்யூட்டரில் அது இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை” என்றார், இந்தியில். அவ்வளவுதான். அதோடு விடவும் இல்லை. இந்த மாத்திரையைப் பலனில்லை என்று யார் யாருக்கு நிறுத்தினோமோ அத்தனை பேர் கணக்கையும் திருப்பிப் பார், வேண்டியவர்களைத் திரும்பக் கூப்பிடு என்று எங்கள் முன்னாலேயே இளவரசியிடம் சொன்னார். பெரிய படிப்புப் படித்தவர் நாங்கள் கேட்க அப்படிச் சொன்னது லேசான காரியமா? கோமளா கைகூப்பினாள். அவர் பதிலுக்குக் கைகூப்பினார்.

கோமளா அந்த வாரமே மலைமந்திருக்குப் போனாள். முருகனுக்கு அர்ச்சனை. யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டபோது ஜம்புலிங்கம் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, இளவரசி என்றும் சொன்னாளாம். நட்சத்திரம் என்ன என்று கேட்டார் குருக்கள். அது தெரியாதே. “ஆர்.கே.புரத்துல பொறந்த பொண்ணு சாமி, முருகனுக்குத் தெரியும்” என்றிருக்கிறாள். டாக்டருக்கும் பண்ண வேண்டும் என்று ஆசை. அவருடைய முழுப்பெயரே இவளுக்கு வாயில் நுழையவில்லை. “பெரிய டாக்டர்னு சொல்லிடுங்க” என்றாளாம். குருக்களும் அப்படியே சொல்லி அர்ச்சனை பண்ணினார்.

நோய் முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ரத்தம் பார்ப்பது இன்னும் நடக்கிறது. சில நாள் பின்சீட்டில் முணுமுணுப்புக் கேட்கிறது என்பார். கோமளாவே கேட்பாள், “இன்னிக்கு எத்தினி சவாரி?” என்று. “ஒரே ஆளுதான், தூங்கிட்டு வரான்” என்பார். அவருக்கு வண்டி ஓட்ட இன்னும் அனுமதி இல்லை. காலையில் கோமளாவோடு துவாரகா வரைக்கும் வந்து, கீரையும் காயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். காய்க்காரரிடம் பேரம் பேசுகிறார், பஞ்சாபியில்.

போன மாதம் இளவரசி மறுபடி அந்தத் தாளோடு உட்கார்ந்தாள். நானும் இருந்தேன். அவள் தமிழ் முன்னைக்கு இப்போது பரவாயில்லை. வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்து, அந்தச் சந்தேகத்து வரியில் வந்து நின்றாள். கோமளா புடவைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

“அங்கிள், உங்க சாப்பாட்டுல யாராச்சும் ஏதாச்சும் கலக்குறாங்கன்னு இப்பவும் தோணுதா?”

ஜம்பு நன்றாக யோசித்தார். கோமளாவை ஒரு பார்வை பார்த்தார்.

“கலந்தாத்தான் பரவால்லையே. உப்பே கலக்கல இவ.”

இளவரசியின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. இதற்கு என்ன எண் போடுவது என்று கோமளா முகத்தைப் பார்த்தாள். மூன்று வீட்டில் யாராவது அவள் சமையலைக் குறை சொன்னால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் கோமளா. இப்போது தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“ஒண்ணு போடும்மா” என்றாள்.